ராக்காயி நடந்து பார்த்த தரை

சுவர் எழுந்து, கூரை ஏறி, சன்னல் சட்டங்களும் வந்து இறங்கிவிட்டன. பத்துமலையின் புது வீட்டில் இனி பாக்கி தரைதான். 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசி. கொன்ட்ரெக்டர் சதாசிவம் ஒரு மாலை, ஈப்போவின் புந்தோங்கில் பத்துமலை குடும்பம் வாடகைக்கு இருந்த வீட்டுக்கே வந்து, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலேயே கேட்டார்.

“அடுத்த வாரம் தரை ஆளுங்க வாராங்க, தம்பி. ஹாலுக்கு என்னா, சாப்பிடற எடத்துக்கு என்னான்னு சொல்லிட்டா நான் சாமான் சொல்லிடுவேன். இவங்கள விட்டா அப்பறம் தீபாவளி தாண்டித்தான் கெடைப்பாங்க.”

“நாலு நாள்ல சொல்லிடறேண்ணே,” என்றான் பத்துமலை.

அவன் மனதில் தரை எப்போதோ முடிவாகியிருந்தது. சிவப்பு சிமெண்டு. மெழுகு போட்டுத் தேய்த்தால் முகம் தெரிய வேண்டும். ஈப்போ நகர பஸ் ஓட்டும் அவன், சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அந்தத் தரையை நினைத்துக்கொள்வான். ஏன் சிவப்பு என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அவன் மனைவி நல்லம்மாளுக்கு வேறு ஆசை. அவள் டவுனில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் மருந்து கட்டிக் கொடுக்கும் வேலை பார்த்தாள். அங்கே தெராசோ தரை. சிமெண்டில் சலவைக்கல் துண்டுகளைக் கலந்து கொட்டி, காய்ந்ததும் மெஷினால் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருப்பார்கள். இளம்பச்சையில் வெள்ளையும் கறுப்புமாகக் கல் தெரியும். யார் எதைக் கொட்டினாலும் ஒரு துடைப்பில் போய்விடும். பத்து வருடமாக அந்தத் தரையில் நின்றபடி, இதே மாதிரி நம் வீட்டில் இருந்தால் எப்படியிருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

“சேப்பு சிமெண்டு பழைய காலத்து ஆளுங்க போடறது,” என்றாள் முதல் நாள்.

“ஒங்க கிளினிக் தெராசோவ பாத்தா ஆஸ்பத்திரி ஞாபகந்தான் வருது,” என்றான் அவன்.

இரண்டாம் நாளும் அதே பேச்சு. மூன்றாம் நாள் பத்துமலை சுருட்டி விற்கிற ரப்பர் பாயைப் பற்றிக்கூடச் சொல்லிப் பார்த்தான். கீழே சாதா சிமெண்டு, மேலே பூப்போட்ட பாய், இருவருக்கும் இல்லாமல் போகட்டும் என்பது போல.

இந்த மூன்று நாளும் அதே ஹாலின் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து, கையால் சுற்றும் தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள் ராக்காயி. பத்துமலையின் தங்கை. வயது முப்பத்து மூன்று. நாலு வயதில், ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது இளம்பிள்ளை வாதம் வந்து, இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் சூம்பிப்போயின. கைகளை முன்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி முன்னால் வைத்து, மறுபடி கைகளை ஊன்றி, அப்படித்தான் வீட்டுக்குள் போய்வருவாள். பழைய சிலிப்பர்களை வெட்டி வார் தைத்து உள்ளங்கைக்கு மாட்டிக்கொள்வாள். புந்தோங்கில் பாதிப் பெண்களின் தோள் அளவும் கை அளவும் அவளுக்கு மனப்பாடம். ஆட்கள் வீட்டுக்கு வந்து துணி கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எதற்கும் அவளைத்தான் கேட்பார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை, யார் கல்யாணத்துக்கு என்ன மொய், மழை வருமா வராதா. தரையைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள் நல்லம்மாளுக்கு அரை நாள் வேலை. மதியம் வீடு திரும்பியபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கக் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்து மடித்தாள். ராக்காயி இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாரோங்குகளில் உட்காரும் இடத்தில் எப்போதும் ஒட்டுத்துணி இருக்கும். தையல்காரி, துணியை வீணாக்க மாட்டாள் என்றுதான் நல்லம்மாள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அன்று கையில் வந்த சாரோங் கனமாக இருந்தது. திருப்பிப் பார்த்தாள். ஒட்டு மேல் ஒட்டாக மூன்று அடுக்கு. மூன்றும் ஒரே இடத்தில் நைந்து, சல்லடை போலக் கண்கண்ணாக இருந்தது. கீழே பார்த்தாள். வீட்டுச் சொந்தக்காரன் எப்போதோ போட்ட சொரசொர சிமெண்டுத் தரை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, பன்னிரண்டு வருடம், அவள் சிலிப்பர் போட்டு நடந்த தரை.

சாரோங்கை மடித்து வைத்துவிட்டு ராக்காயியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ராக்கு, தரைக்கு என்னா போடலாம்னு நீ ஒண்ணுமே சொல்லலையே.”

ராக்காயி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். “என்னை யாரு கேட்டா அண்ணி?” கோபமாகச் சொல்லவில்லை. கடையில் பால் தீர்ந்துபோச்சு என்பது போலச் சொன்னாள்.

“இப்ப நான் கேக்கறேன்ல.”

“நீங்க கேட்டுட்டு அண்ணன்கிட்ட போயிச் சொல்லணும். அவங்களே கேக்கட்டும்.”

மாலை பத்துமலை வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை நல்லம்மாள் பொறுத்திருந்தாள். பிறகு ராக்காயியைக் கேட்கும்படி கண்ணைக் காட்டினாள். அவன் தங்கையிடம் கேட்டான். “ராக்கு, சேப்பா, தெராசோவா? நீ சொல்லு, முடிச்சிடுவோம்.” ஏதோ பந்தயத்துக்குத் தீர்ப்பு கேட்கிற மாதிரி இருந்தது அது.

“கண்ணால பாத்துச் சொல்றதாண்ணே இது?” என்றாள் ராக்காயி. “எனக்கு நடந்து பாக்கணும்.”

பத்துமலைக்கு உடனே புரியவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் அவள் போவதை நகர்கிறது என்றுதான் சொல்வார்கள். ‘அத்தை நகர்ந்து வருது, வழி விடு’ என்று பிள்ளைகளிடம் நல்லம்மாளே சொல்லியிருக்கிறாள். ராக்காயி அதை நடக்கிறது என்று சொல்வதை அன்றுதான் நல்லம்மாள் கவனித்தாள். முன்பும் சொல்லியிருப்பாளாக இருக்கும்.

“கடைக்கு வரணும்கிறியா? கடைல நாலு பேரு இருப்பாங்க, ராக்கு. நான் துண்டுக் கல்லு கேட்டு வாங்கியாந்து காட்டுறேன்.”

“துண்டுக் கல்லுல எப்படிண்ணே நடக்கறது?”

தங்கையைப் பற்றி அவனுக்கு வெட்கம் கிடையாது. மற்றவர்கள் பார்க்கும் பார்வையைத்தான் தாங்க மாட்டான். ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு தைப்பூசத்தில் அவளைப் பந்தல் ஓரம் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போயிருந்தான். யாரோ ஓர் அம்மாள் போகிற போக்கில் அவள் மடியில் பத்துக் காசு போட்டுவிட்டாள். திரும்பி வந்தவன் அந்த அம்மாளின் குடும்பத்தோடு சண்டைக்குப் போய், கையில் வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கீழே கொட்டிவிட்டான். அதற்குப் பிறகு ராக்காயி வெளியே போவது நின்றுபோனது. நிறுத்தியது அவன்தான்.

“இன்னும் அந்தப் பத்துக் காசத்தான் நெனச்சிக்கிட்டு இருக்கீங்க,” என்றாள் ராக்காயி. “நான் அன்னிக்கே அதுக்குக் கச்சாங் பூத்தே கடலை வாங்கித் தின்னுட்டேன். ஒங்களுக்குத்தான் இன்னும் செமிக்கல.”

நல்லம்மாள் சிரித்துவிட்டாள். பத்துமலை சிரிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு டாக்சி சொன்னான்.

லகாட் சாலையில் இருந்த அந்தக் கடையில் பாதி இடம் கொட்டகை. கட்டில் அகலத்துக்குக் கட்டம் கட்டமாக எல்லா வகைத் தரையும் போட்டு வைத்திருந்தார்கள், ஆட்கள் நின்று பார்ப்பதற்கு. பத்துமலை டாக்சியிலிருந்து தங்கையை இரண்டு கையாலும் தூக்கி வந்தான். கடைக்காரத் தவுக்கே, பனியனும் அரைக்கால் சட்டையும் போட்ட வயதான சீனர், ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார வைத்தான். கடையில் ஒரு மலாய்த் தம்பதி டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இங்கருந்தே பாரு. எது வேணும்னு கையக் காட்டு,” என்றான் மெதுவாக.

“கீழ விடுங்கண்ணே.”

அவன் நின்றான். நல்லம்மாள் முன்னால் வந்து அவளை இறக்கிவிட்டாள். ராக்காயி கையுறைச் சிலிப்பர்களைக் கழற்றி நாற்காலியின் மேல் வைத்தாள். வெறும் கையோடுதான் போனாள்.

முதலில் ரப்பர் பாய். நாலு எட்டு போனாள். உள்ளங்கை ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. “வெயில் நேரத்துல இது கையப் புடிச்சிக்கும்,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். பூப்போட்ட டைல்ஸ். ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை ஓட்டினாள். “ஒவ்வொரு எட்டுலயும் கோடு. கோட்டுக்குக் கோடு தட்டுது.” பிறகு நல்லம்மாள் ஆசைப்பட்ட இளம்பச்சைத் தெராசோ. அதில் போனபோது அவளுடைய முகம் மாறியதை நல்லம்மாள் பார்த்தாள். உடம்பு கையைத் தொடர்ந்து தானாக வந்தது. கட்டத்தின் கோடிவரை போய்த் திரும்பினாள். மறுபடி போய்த் திரும்பினாள்.

“நல்லாருக்கா?” என்றாள் நல்லம்மாள், ஆசையை மறைக்காமல்.

ராக்காயி ரவிக்கையில் குத்தியிருந்த ஊசி ஒன்றை எடுத்துக் கீழே போட்டாள். “எங்க இருக்குன்னு பாருங்க அண்ணி.”

நல்லம்மாள் குனிந்து பார்த்தாள். பச்சைக்குள் வெள்ளைக் கல், கறுப்புக் கல், சாம்பல் கல். கண் போகிற இடமெல்லாம் ஊசி மாதிரி ஒரு கோடு. பத்துமலையும் குனிந்தான். தவுக்கேயும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். கடைசியில் ராக்காயியே கையால் தடவி எடுத்தாள்.

“நான் நாள் பூரா ஊசியோட இருக்கறவ. ஒங்க காலுக்குச் சிலிப்பர் இருக்கு,” என்றாள்.

தவுக்கே மலாயில் கேட்டார், பொடிக்கல் போட்ட வெள்ளைத் தெராசோ இருக்கிறதே, பார்க்கிறாயா என்று. மலையிலிருந்து உடைத்து வரும் கல்லில் அரிசி நொய் அளவுக்குச் சலித்து எடுத்தது. வெள்ளை சிமெண்டோடு சேர்ந்து ஒரே நிறமாக இருந்தது. அதில் ஊசியைப் போட்டாள். போட்ட இடத்தில் பளிச்சென்று கிடந்தது.

“வெள்ளையா?” என்றாள் நல்லம்மாள். “இதை யாரு தெனமும் கழுவறது?”

“நான் கழுவறேன். தரைக்குப் பக்கத்துல நான்தான இருக்கேன்.” பிறகு தவுக்கேயைப் பார்த்து, “தண்ணி கொண்டாங்க,” என்றாள்.

அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. கடைத் தரையில் தண்ணீரா என்று முணுமுணுத்தார். ஆனாலும் அவரே போய் ஒரு வாளியில் கொண்டுவந்து, பாதியை ஊற்றினார். ராக்காயி ஈரத்தில் கையை ஊன்றினாள். இரண்டாவது எட்டில் வலது கை சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. முழங்கை தரையில் மோத, பக்கவாட்டில் விழுந்தாள்.

பத்துமலை ஒரே பாய்ச்சலில் வந்து அவள் தோளைப் பிடித்தான். “போதும். வா, போலாம்.”

“விடுங்கண்ணே. விழுந்து பாக்கத்தான் வந்தேன்.” முழங்கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் வலி தெரிந்தது. “வீட்ல போட்ட பிறகு விழுந்தா எங்க போயிச் சொல்றது? அவருகிட்ட கேளுங்க, இவ்ளோ வழவழப்பு வேணுமான்னு.”

கேட்டார்கள். தவுக்கேக்குக் கேள்வி பிடித்திருந்தது. மெஷினால் மூன்று தடவை தேய்ப்பது வழக்கமாம். மூன்றாவது தடவையும் மெழுகும்தான் பளபளப்பு. இரண்டோடு நிறுத்திவிட்டால் கண்ணுக்கு மங்கலாக இருக்கும், கைக்குப் பிடிப்பு இருக்கும். “போலே லா,” என்றார், தாராளமாகச் செய்யலாம் என்று. உள்ளே போய் இரண்டு தேய்ப்போடு நின்ற ஒரு பலகைத் துண்டைத் தூக்கி வந்து, அதன் மேலும் தண்ணீர் ஊற்றினார். ராக்காயி இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, உடம்பின் பாரத்தை முழுக்கக் கொடுத்து அழுத்தினாள். கை அசையவில்லை.

அந்த மலாய்ப் பெண் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மெல்லத் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, தான் பார்த்துக்கொண்டிருந்த டைல்ஸின் மேல் வெறுங்காலோடு ஏறி நின்றாள். பிறகு புருஷனையும் கழற்றச் சொன்னாள்.

பத்துமலை கொட்டகையின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தபடி நின்றான். சிவப்பு சிமெண்டு. மெழுகு போட்டுக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். “அதையும் ஒரு தடவை பாத்துடேன்,” என்றான்.

“வேணாண்ணே. அதுல நான் போயிருக்கேன்.”

“எங்க?”

“கிராணி வீட்ல.”

பத்துமலை அவளைத் தூக்கிக்கொண்டு டாக்சிக்கு நடந்தான்.

டாக்சியில் முன்னால் டிரைவர் பக்கத்தில் பத்துமலை. பின்னால் இரண்டு பெண்கள். நல்லம்மாளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “கிராணி வீட்ல என்னா?”

ராக்காயி சொன்னாள். தோட்டத்தில் அவர்கள் அம்மா கருப்பம்மாள் ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்து, மதியத்துக்கு மேல் தோட்ட ஆபீசின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியின் பங்களாவில் வீட்டு வேலைக்குப் போவாள். ஹால் முழுக்கச் சிவப்புத் தரை. வெள்ளிக்கிழமைதோறும் மெழுகு போட்டுத் தேய்க்க வேண்டும். சாக்கை மடித்துப் போட்டு, பாரம் இருந்தால்தான் பளபளப்பு வரும் என்று, ராக்காயியை அதன்மேல் உட்கார வைத்து இழுப்பாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு. அப்போது அவளுக்கு ஐந்தோ ஆறோ வயது.

“அண்ணனுக்குப் பத்து வயசு. உள்ள விடமாட்டாங்க, காலு சேறுன்னு. பின்வாசல்ல நின்னு, தரை தேய்க்கற தேங்கா மட்டையப் புடிச்சிக்கிட்டுப் பாக்கும்.”

முன்னால் இருந்தவன் திரும்பாமலேயே பேசினான். “கிராணி பொஞ்சாதி சிரிப்பாங்க. நல்ல பாரம்டி கருப்பம்மான்னு. நாய்க்குட்டிய இழுக்கற மாதிரி அம்மா ஒன்னை இழுத்திச்சு.” பார்வை சாலையிலேயே இருந்தது. “அதே தரைய என் வீட்ல போட்டு, நீ அதுமேல எஜமானி மாதிரி ஒக்காரணும்னு இருந்தேன்.”

நல்லம்மாளுக்கு அவனுடைய சிவப்பின் காரணம் அப்போதுதான் தெரிந்தது. தெராசோ மீது தான் வைத்திருந்த ஆசை எவ்வளவு சின்னது என்று தோன்றியது. மூன்று நாளாக அவனைப் பழைய காலத்து ஆள் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது.

ராக்காயி வெளியே பார்த்தாள். சுண்ணாம்புக் கல் மலை ஒன்று வெயிலில் வெள்ளையாகக் கடந்துபோனது.

“எனக்கு அது புடிக்கும்ணே,” என்றாள். “வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு இருப்பேன். அதுக்கு முன்னாடி யாராவது தூக்கினாத்தான் எனக்கு எடம் மாறும். தரைமேலயே போலாம்னு அங்கதான் தெரிஞ்சிக்கிட்டேன். ஒரு நாளு அம்மா தண்ணி எடுக்கப் போனப்ப சாக்க விட்டு எறங்கி நானே போனேன். கதவுவரைக்கும் போயிட்டேன். கவுனெல்லாம் சேப்பு. அம்மா அதத் தொவச்சித் தொவச்சிப் பாத்திச்சு, போகல. அதான் அந்தச் சேப்பு வேணாங்கறேன். துணில ஒட்டினா போவாது.”

பத்துமலை தலையை அசைத்தானா இல்லையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. இருபத்தெட்டு வருடமாக அவனை அரித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமையை அவளுக்குப் பிடித்திருந்தது என்று கேட்பது எப்படி இருக்கும் என்று நல்லம்மாள் யோசித்தாள். ஆறுதலாக இருக்குமா, ஏமாற்றமாக இருக்குமா.

புந்தோங்குக்குத் திரும்பும் முனை வந்தபோது ராக்காயி சொன்னாள். “டாக்சி இருக்கறப்பவே புது வீட்டப் பாத்துட்டுப் போலாமே. நான் இன்னும் பாக்கலையே.”

வீடு கட்ட ஆரம்பித்து எட்டு மாதம். பிள்ளைகள் ஞாயிறுதோறும் போய் மணலில் விளையாடிவிட்டு வந்தார்கள். நல்லம்மாள் கிளினிக்கில் கூட வேலை செய்கிறவர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு போய்க் காட்டியிருந்தாள். பத்துமலை டிரைவரிடம் மெங்லெம்பு சாலையைக் காட்டினான்.

சதாசிவம் அங்கே கதவு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். பத்துமலை தங்கையை ஹால் நடுவில் இறக்கிவிட்டான். வெறும் கான்கிரீட், சரளை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் சிலிப்பர்களை மாட்டிக்கொண்டு, சாரோங்கை நன்றாக மடித்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அறையாகப் போனாள். சன்னல் உயரத்தை அண்ணாந்து பார்த்தாள். தையல் மெஷின் போட வெளிச்சமுள்ள இடம் எது என்று பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் போய், வாசலில் நின்றுவிட்டாள்.

ஹாலிலிருந்து குசினிக்கு அரை அடி பள்ளம்.

“இந்தப் படி எதுக்கு?”

“எல்லா வீட்லயும் இப்படித்தாம்மா போடறது,” என்றார் சதாசிவம். “குசினித் தண்ணி ஹாலுக்கு வரக்கூடாதுல்ல.”

“இப்ப இருக்கற வீட்லயும் இருக்கு.” அவள் அந்தப் படியின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே சொன்னாள். “எறங்கறது ஒண்ணும் இல்ல. ஏறத்தான் பலம் வேணும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறலாம். மூணாவது தடவை ஏறினா ராத்திரி தோளு வலிக்கும். அதனால காலைல எறங்கினா, வெங்காயம் உரிச்சி, மீன் ஆஞ்சி, எல்லாத்தையும் முடிச்சிட்டு மதியத்துக்கு மேலதான் ஏறுவேன். ஏறறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்க மறந்துட்டா சாயங்காலம்வரைக்கும் குடிக்க மாட்டேன்.”

ராக்காயிக்குக் காலையில் குசினியில் இருக்கத்தான் பிடிக்கும் என்று பிள்ளைகளிடமும் பக்கத்து வீட்டாரிடமும் நல்லம்மாள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள்.

“ஏன் ராக்கு, ஒரு தடவகூடச் சொல்லல?”

“வாடக வீட்ல சொல்லி என்னா பண்ண முடியும் அண்ணி?”

பத்துமலை சதாசிவத்தைப் பார்த்துச் சொன்னான். “பள்ளத்தத் தூத்துங்கண்ணே. குசினியையும் ஹாலையும் ஒரே மட்டமாக்குங்க.”

சதாசிவம் தலையைச் சொறிந்தார். குசினியை உயர்த்தினால் பின்கதவுச் சட்டத்தை மறுபடி தூக்க வேண்டும். கால்வாய் மட்டம் மாறும். மணலும் சிமெண்டும் கூட ஆகும். வெள்ளைத் தெராசோவும் வேண்டும், இதுவும் வேண்டும் என்றால் போட்ட கணக்கில் அடங்காது. எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் பிரச்சினை.

“வாசப்படில ரெண்டு விரல் ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டி, அத வெளிய விட்டுடுங்க,” என்றாள் ராக்காயி. “தண்ணி வந்தா அதுல எறங்கிடும். ரெண்டு விரல் அகலம் போதும். என் கை அதத் தாண்டிடும்.” விரலை வைத்துக் காட்டினாள். இதைப் பல வருடமாக யோசித்து வைத்திருந்தவள் மாதிரி இருந்தது.

சதாசிவம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தார். பென்சிலால் அங்கே ஒரு கோடு போட்டார். “செய்யலாம்,” என்றார். “நான் போட்டதில்ல. ஆனா செய்யலாம்.”

“தெராசோ ஹாலுக்கு மட்டும் போதும்,” என்றாள் நல்லம்மாள். “சாப்பிடற எடத்துக்கும் குசினிக்கும் சாதா சிமெண்டே, நல்லா வழிச்சிக் குடுங்க. அடுப்பு மேடைக்கு டைல்ஸ் கேட்டிருந்தேன்ல, அது வேணாம்.”

பத்துமலை அவளைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு முன் தரை முடிந்தது. மெஷின் இரண்டு நாள் தேய்த்தது. பால் மாதிரி தண்ணீர் ஓடி வாசலில் தேங்கிக் காய்ந்தது. மூன்றாவது தேய்ப்பு வேண்டாம் என்றபோது தரை ஆட்களுக்கு மனமே வரவில்லை. வேலையை அரைகுறையாக விட்டுப் போனோம் என்று யாராவது சொல்வார்களே என்று அவர்களுக்குக் கவலை. பத்துமலை பக்கத்திலேயே நின்று மெஷினை வண்டியில் ஏற்றி அனுப்பினான். வீடு புகுந்த அன்று வந்தவர்களில் சிலர் தரையைப் பார்த்து, இன்னும் பாலிஷ் போடவில்லையா என்று கேட்டார்கள். போட்டாச்சு என்று ராக்காயியே பதில் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நல்லம்மாள் எதிர்பார்க்கவில்லை.

பன்னிரண்டு வருடமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் இப்போது வீடு முழுக்க இருந்தாள். சத்தமே கேட்காது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது பின்னாலிருந்து, “புளி பத்தாது அண்ணி,” என்று குரல் வரும். பிள்ளைகள் அறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினால் கண்டுபிடித்துவிடுவாள். யார் கதவைத் தட்டினாலும் முதலில் போய் நிற்பது அவள்தான். பத்துமலை சட்டைப் பையில் ஒளித்து வைத்த சிகரெட்டுகூட இரண்டு முறை மாட்டியது.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மதியத்துக்கு மேல் வேலை முடிந்து வந்த நல்லம்மாள் குசினிக்குள் போய்த் திகைத்து நின்றாள். மேல்தட்டில் வரிசையாக இருந்த டின்கள் எல்லாம் கீழ்த்தட்டுக்கு வந்திருந்தன. மிளகாய்த் தூள், மல்லி, சீரகம், பருப்பு. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு இறக்கச் சொல்லியிருக்கிறாள்.

“யாரக் கேட்டு இதெல்லாம் பண்ண?”

“சமைக்கறவங்களுக்குக் கைக்கு எட்டணும்ல.”

“சமைக்கறது நானு.”

“மதியச் சமையல நானே பண்ணிடலாம்னு பாத்தேன். நீங்க வேல முடிஞ்சி வந்து பண்றதுக்கு மூணு மணியாவுது. புள்ளைங்க பசியோட இருக்குதுங்க.”

“என் புள்ளைங்கள நான் பட்டினி போடறேன்னு சொல்றியா?”

அப்படி ஆரம்பித்த சண்டை அரை மணி நேரம் நடந்தது. எந்தக் காலத்திலோ கருகிப்போன ஒரு மீன் குழம்பிலிருந்து, பெரிய மகளின் ஜடையை யார் இறுக்கிப் பின்னுகிறார்கள் என்பதுவரை எல்லாம் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டதே இல்லை. தன் நாத்தனார் மாதிரி அமைதியான பெண் உண்டா என்று நல்லம்மாள் கிளினிக்கில் சொல்லியிருக்கிறாள். ராக்காயிக்கு இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது, அதையெல்லாம் அந்த வாடகை வீட்டு மூலையில் மெஷினோடு சேர்த்து இத்தனை வருடமும் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மூன்று நாள் பேச்சு இல்லை. பத்துமலை இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போனான்.

நாலாவது நாள் நல்லம்மாள் வீடு வந்தபோது சோறு வடித்திருந்தது. ராக்காயி குசினியில் பலகையைப் போட்டு, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நல்லம்மாள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். புதுத் தரை குளிர்ச்சியாக இருந்தது. அவளும் ஒரு பிடி காயை எடுத்து நறுக்கினாள்.

“மத்தியானத்துக்கு நீ பண்ணு,” என்றாள் நல்லம்மாள். “ராத்திரிக்கு நான். மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு ஒனக்கு.”

“சரி அண்ணி.”

“மிளகாய்த் தூளு ரெண்டு டின்ல போட்டு வச்சிக்கலாம்.”

“சரி.”

“உப்பும் புளியும்?”

ராக்காயி காயை நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். “அது கீழதான் இருக்கணும்,” என்றாள்.

“மேலதான் இருக்கணும்,” என்றாள் நல்லம்மாள்.